பார்சிலோனாவில் ஒரு சிறுவனைக் கைவிடாதவர்களுக்கு நன்றி மடல்

மதிப்பிற்குரியோர் அனைவருக்கும் வணக்கம்.

2005ஆம் ஆண்டு முதல் லியோனல் மெஸ்ஸியின் ஆட்டத்தைப் பார்த்து மகிழ்ந்து வரும் தமிழ் ரசிகன் ஒருவன் உங்களுக்கு எழுதும் மடல் இது. அவர் வென்ற கோப்பைகளைப் பற்றியும் அடித்த கோல்களைப் பற்றியும் எழுதுவதற்கு உலகெங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் நன்றி சொல்ல விரும்புவது அவற்றுக்கு முந்தைய ஆண்டுகளுக்காக. 2000 செப்டம்பரில், பதின்மூன்று வயதில், தந்தையோடு அட்லாண்டிக் கடலைக் கடந்து பார்சிலோனாவில் வந்திறங்கிய, வயதுக்கேற்ற உயரமில்லாத, வாய் திறந்து பேசவே கூசிய ஒரு சிறுவனை, அவன் என்ன ஆவான் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாத காலத்தில், கைவிடாமல் தாங்கி நின்றவர்கள் நீங்கள். உங்களில் சிலர் இன்று உயிருடன் இல்லை. மற்றவர்களுக்கும் இம்மடல் வந்து சேருமா என்பது ஐயமே. ஆயினும் பல்லாயிரம் கல் தொலைவில் உங்களால் மகிழ்ச்சி பெற்றவன் என்ற முறையில், சொல்ல வேண்டியதைப் பொதுவில் சொல்லிவிடுகிறேன்.

பாட்டி செலியா அவர்களே, வணக்கம் முதலில் உங்களுக்கு. பார்சிலோனாவுக்குப் போகும் வழி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு தொடங்கியது. அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரின் தென்பகுதியிலிருந்த கிராந்தோலி கிளப்பில் 1986இல் பிறந்த பிள்ளைகளின் அணிக்கு அன்று ஓர் ஆள் குறைந்தபோது, அவர்களைவிட ஒரு வயது இளையவனான உங்கள் பேரனை இறக்கும்படி விடாமல் வற்புறுத்தியவர் நீங்கள்தான் என்று பயிற்சியாளர் சால்வதோர் அப்பாரிசியோ பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். பையன் மிகச் சிறியவன் என்று அவர் தயங்கினார். அழுதால் உடனே தூக்கிக்கொள்ள வசதியாகக் கோட்டோரத்தில் நிறுத்துகிறேன் என்று சொல்லித்தான் சம்மதித்தார். முதலில் வந்த பந்து அவனைக் கடந்து போயிற்று. அடுத்தது இடது காலுக்கு வந்தது, அதை எடுத்துக்கொண்டு அவன் எதிரில் நின்றவர்களையெல்லாம் தாண்டி ஓடினான். அப்பாரிசியோ ஐயா 2008இல் காலமானார். நீங்கள் 1998இலேயே, பேரனுக்குப் பதினோரு வயது நிறைவதற்குச் சற்று முன்பு, மறைந்துவிட்டீர்கள். கோல் அடித்த ஒவ்வொரு முறையும் மெஸ்ஸி வானை நோக்கிக் கை உயர்த்துவது உங்களுக்காக என்பதை இப்போது உலகம் அறியும். அயல்நாட்டு வாழ்க்கை பற்றிய மடலில் உங்களை முதலில் வைப்பதற்கு இதைவிட வேறு காரணம் எனக்குத் தேவையில்லை.

மருத்துவர் தியேகோ சுவார்ட்ஸ்ஸ்டைன் அவர்களே, உங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ரொசாரியோவின் நியூவெல்ஸ் ஓல்டு பாய்ஸ் கிளப் அணியில் ஆடிவந்த அச்சிறுவனை 1997இல் உங்களிடம் அழைத்து வந்தார்கள். அவன் உடலில் வளர்ச்சி ஹார்மோன் போதிய அளவு சுரக்கவில்லை என்பதைச் சோதனைகளால் உறுதி செய்தீர்கள். சிகிச்சை என்னவென்றால், ஒவ்வோர் இரவும் ஓர் ஊசி. ஒரு நாள் ஒரு காலில், மறுநாள் மற்றக் காலில், ஆண்டுக்கணக்கில். அவன் அதைத் தன் கையாலேயே போட்டுக்கொள்ளப் பழகினான். இம்மருந்துதான் அவரை மெஸ்ஸியாக்கியது என்று பேசுவோர் இன்றும் உண்டு. அது தவறு என்று இங்கே அழுத்தமாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். உடல் தானே சுரந்திருக்க வேண்டிய ஒன்று சுரக்காமல் போனதை மருந்து ஈடு செய்தது, அவ்வளவே. இடது காலில் பந்தை ஒட்ட வைத்துக்கொண்டு ஓடும் வித்தையை எந்த ஊசியும் தராது. ஆனால் அந்த வித்தையைச் சுமக்கும் அளவுக்கு ஓர் உடல் வளர வேண்டியிருந்தது, அதை நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள்.

மருந்தின் விலை மாதத்திற்கு ஏறத்தாழ 1,000 டாலர். தந்தை ஹோர்ஹே மெஸ்ஸி உருக்காலையில் வேலை பார்த்தவர். அவருடைய மருத்துவக் காப்பீடு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்குத்தான் கைகொடுத்தது. அர்ஜென்டினாவின் பொருளாதாரம் 1998 முதல் சரிந்துகொண்டே வந்து 2001 டிசம்பரில் முற்றாக நொறுங்கிய காலம் அது. நான்கு பிள்ளைகள் உள்ள ஒரு தொழிலாளர் குடும்பம் அத்தொகையை மாதந்தோறும் புரட்ட வழியே இல்லை. ஆகவே பார்சிலோனாப் பயணத்தை ஒரு கனவுப் பயணமாக மட்டும் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. மருந்துச் செலவை ஏற்கக்கூடிய ஒரு கிளப்பைத் தேடித்தான் அந்தத் தந்தை மகனை அழைத்துக்கொண்டு விமானம் ஏறினார்.

அந்தத் தேடலுக்குக் கதவு திறந்தவர்கள் ஓராசியோ ககியோலி, ஜோசப் மரியா மிங்கெயா ஆகிய முகவர்கள். மிங்கெயா ஐயா, 1982இல் மரடோனா பார்சிலோனாவுக்கு வந்ததிலும் உங்கள் பங்கு உண்டு. பெயர் பெற்ற ஆட்டக்காரர்களை வாங்கி விற்ற அனுபவமுள்ள நீங்கள், பெயரே தெரியாத ஒரு பதின்மூன்று வயதுச் சிறுவனுக்காக பார்சிலோனா கிளப்பின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தீர்கள். அப்போது கிளப்பின் நிலையும் சரியாக இல்லை. தலைவர் ஜோவான் கஸ்பார்ட் பதவியேற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன. லூயிஸ் ஃபிகோ அந்தக் கோடையில்தான் ரியல் மாட்ரிட்டுக்குப் போயிருந்தார். அந்த அமளியில் தென்னமெரிக்கச் சிறுவன் ஒருவனுக்குச் சிகிச்சைச் செலவு, குடும்பத்திற்கு வீடு, தந்தைக்கு வேலை என்று செலவிட வேண்டுமா என்று நிர்வாகத்தில் பலர் கேட்டதில் வியப்பில்லை. அவ்வயதில் வெளிநாட்டுப் பிள்ளைகளைச் சேர்க்கும் வழக்கம் அங்கே அரிதாகவே இருந்தது.

கிளப்பின் கால்பந்துப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்த கார்லஸ் ரெக்ஸாக் அவர்களே, சிட்னி ஒலிம்பிக்கைப் பார்த்துவிட்டு நீங்கள் திரும்பும் வரை தந்தையும் மகனும் ஹோட்டல் அறையில் காத்திருந்தார்கள். உங்களுக்காக அவனைவிட வயதில் மூத்த பையன்களுக்கு எதிராக ஓர் ஆட்டம் ஏற்பாடு செய்யப்பட்டது. நீங்கள் தாமதமாக வந்தீர்கள். திடலைச் சுற்றி நடந்து பயிற்சியாளர்களின் இருக்கையை அடைவதற்குள் முடிவெடுத்துவிட்டேன் என்று பிறகு பலமுறை சொன்னீர்கள். நன்றி அந்த முடிவுக்காக மட்டும் அன்று. முடிவெடுக்க உங்களுக்கு ஒரு சுற்று நடை போதும். அதன் பிறகு வாரங்கள் கழிந்தன, மாதங்கள் கழிந்தன, நிர்வாகம் அசையவில்லை, ரொசாரியோவில் காத்திருந்த தந்தையின் பொறுமை முடிவுக்கு வந்தது. 2000 டிசம்பர் 14 அன்று, மொன்ஜுயிக் பகுதியிலுள்ள பொம்பேயா டென்னிஸ் கிளப்பில், வேறு தாள் கிடைக்காததால் சாப்பாட்டு மேசையிலிருந்த டிஷ்யூ காகிதத்தை எடுத்து நீங்கள் எழுதிக் கொடுத்தீர்கள். மிங்கெயாவும் ஓராசியோவும் உடனிருக்க, ஒப்புக்கொண்ட தொகைகள் மாறாதிருக்கும் வரை, சில எதிர்க் கருத்துகள் இருந்தபோதிலும், தம் சொந்தப் பொறுப்பில் லியோனல் மெஸ்ஸியைச் சேர்த்துக்கொள்வதாக அதில் உறுதி கூறினீர்கள்.

ஓராசியோ ககியோலி பாதுகாத்து வைத்திருந்த அந்தக் காகிதம் 2024 மே மாதம் ஏலத்தில் 7,62,400 பவுண்டுக்கு விலைபோயிற்று. விலையைப் பற்றித்தான் செய்திகள் எல்லாம் பேசின. நான் அந்த வாசகத்தைப் படித்தபோது நின்றது 'எதிர்க் கருத்துகள்' குறித்த இடத்தில். தம்மைச் சுற்றியுள்ளோர் வேண்டாம் என்கிறார்கள் என்பதை மறைக்காமல் எழுத்தில் வைத்து, அதன் கீழேயே கையொப்பமிட்டு, தவறினால் பழி தமக்கே என்று ஏற்றுக்கொள்ளும் அதிகாரிகளை நான் அதிகம் கண்டதில்லை. சட்டத்தின் முன் அக்காகிதம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பது வேறு விவாதம். ஒரு தந்தையின் அச்சத்தைத் தணிக்க அது போதுமானதாக இருந்தது.

இனி நான் பெரிதும் மதிக்கிற பகுதிக்கு வருகிறேன். 2001 பிப்ரவரியில் குடும்பம் முழுவதும் ரொசாரியோவிலிருந்து பெயர்ந்து, காம்ப் நோ அரங்கிற்கு அருகிலிருந்த அடுக்குமாடி வீட்டில் குடியேறியது. அடுத்த ஓராண்டு நன்மையாக எதுவும் நடக்கவில்லை என்றே சொல்லலாம். பழைய கிளப்பிலிருந்து வரவேண்டிய ஆவணங்கள் வரவில்லை. வெளிநாட்டவன் என்பதால் தேசிய அளவிலான போட்டிகளில் அவனுக்கு இடமில்லை. பார்சிலோனா அமைந்துள்ள காட்டலோனியா மாநிலத்துப் போட்டிகளிலும் நட்பு ஆட்டங்களிலும் மட்டுமே ஆடலாம். அப்படி ஆடத் தொடங்கிய மார்ச் மாதத்திலேயே டோர்டோசா அணிக்கு எதிரான ஆட்டத்தில் இடது கால் எலும்பு முறிந்தது. பள்ளியில் பேசப்பட்ட காட்டலான் மொழி தங்கை மரியா சோலுக்குப் பிடிபடவே இல்லை. கோடையில் தாயார் செலியா மற்றப் பிள்ளைகளுடன் ஊர் திரும்ப முடிவெடுத்தார். தந்தையும் லியோவும் மட்டும் பார்சிலோனாவில் தங்கினார்கள்.

அம்மா செலியா அவர்களே, இந்த வரலாற்றில் உரிய நன்றியைப் பெறாதவர் நீங்கள் என்பது என் துணிபு. ஒப்பந்தம் எழுதியவரையும், பந்து கொடுத்தவரையும், மருந்து கொடுத்தவரையும் எல்லோரும் பாராட்டுகிறார்கள். மற்ற மூன்று பிள்ளைகளின் நலனுக்காக லியோவைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு, அவனுக்குத் தேவையான தந்தையையும் அங்கேயே விட்டுவிட்டு, ரொசாரியோ வீட்டைத் தனியே நடத்திய தாய்க்கு எந்த மேடையிலும் பதக்கம் தரப்படவில்லை. அந்நாள்களில் தந்தைக்குத் தெரியாமல் அறைக்குள் ஒதுங்கி அழுததை மெஸ்ஸி பின்னர் சொல்லியிருக்கிறார். ஹோர்ஹே ஐயா, திரும்பிப் போய்விடலாமா என்று நீங்கள் அவனிடம் கேட்டதையும், இருக்கிறேன் என்று அவன் சொன்னதையும் இருவருமே நினைவுகூர்ந்திருக்கிறீர்கள். பதினான்கு வயதுப் பிள்ளையிடம் அப்படிக் கேட்பதற்கும், அவன் பதிலை மதித்துக் கூடவே தங்குவதற்கும் ஒரு தந்தைக்கு மிகுந்த மனவலிமை வேண்டும்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. இந்தக் கதையைக் காட்டி, பிள்ளைகளை இளம் வயதிலேயே அயல்நாட்டு கிளப்புகளுக்கு அனுப்பலாம் என்று எவரும் முடிவு செய்துவிடக் கூடாது. முகவர்களை நம்பி ஐரோப்பாவுக்குப் போய், தேர்வில் தோற்று, திரும்பும் பயணச்சீட்டுக்கும் பணமின்றித் தெருவில் நின்ற ஆப்பிரிக்க, தென்னமெரிக்கச் சிறுவர்கள் பலர். அதனால்தான் பதினெட்டு வயது நிரம்பாதவர்களை நாடு விட்டு நாடு மாற்றுவதற்கு ஃபிஃபா கடுமையான தடைவிதிகளை வைத்திருக்கிறது. அவ்விதிகளை மீறியதற்காக 2014இல் பார்சிலோனா கிளப்பே தண்டிக்கப்பட்டது. இச்சிறுவனுக்கு அமைந்த துணைகளைப் பாருங்கள்: உடன் வந்து தங்கிய தந்தை, செலவை ஏற்ற கிளப், படிக்கப் பள்ளி, நோயை அறிந்த மருத்துவர்கள். இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் முடிவு வேறாக இருந்திருக்கலாம். உங்கள் எல்லோருக்கும் சேர்த்து நன்றி எழுதத் தோன்றியதும் அதனால்தான்.

2002 பிப்ரவரியில் ஸ்பெயின் கால்பந்துக் கூட்டமைப்பில் பதிவு கிடைத்தது; அதன் பிறகு எல்லாப் போட்டிகளிலும் ஆட முடிந்தது. அப்பருவத்தில் இளையோர் அணியைப் பயிற்றுவித்த டிட்டோ விலனோவா ஐயாவையும், அடுத்த பருவத்தில் பயிற்றுவித்த அலெக்ஸ் கார்சியா ஐயாவையும் வணங்குகிறேன். விலனோவா 2014 ஏப்ரல் 25 அன்று புற்றுநோயால் காலமானார். அதற்கு முன் பார்சிலோனாவின் முதன்மை அணிக்கே பயிற்சியாளராகி, தாம் சிறுவனாகப் பார்த்தவரோடு 2013இல் லீக் பட்டமும் வென்றார்.

ஜெரார்ட் பீக்கே, செஸ்க் ஃபாப்ரெகாஸ், விக்டர் வாஸ்கெஸ் உள்ளிட்ட, 1987இல் பிறந்தோர் அணியின் தோழர்களே, உங்களுக்கும் இம்மடலில் இடமுண்டு. உடைமாற்றும் அறையின் மூலையில் ஒரு சொல்லும் பேசாமல் உட்கார்ந்திருந்த புதியவனை ஊமை என்றே முதலில் நினைத்ததாக நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். பிறகு இத்தாலிக்குப் போட்டிக்குச் சென்ற பயணத்தில் பிளேஸ்டேஷன் விளையாட்டின் முன் அமர்ந்தபோதுதான் அவன் சிரிக்கவும் பேசவும் தொடங்கினான். பிள்ளைகள் பிள்ளைகளோடு பழகுவதற்குப் பெரியவர்கள் எழுதிக் கொடுக்கும் திட்டம் எதுவும் இதைவிடச் சிறப்பாக அமைந்திராது என்று நினைக்கிறேன். 2002–03 பருவத்தில் உங்கள் அணி எல்லாக் கோப்பைகளையும் வென்றது. அவன் 30 ஆட்டங்களில் 36 கோல் அடித்தான். அப்பருவத்தின் இறுதியில் கன்ன எலும்பு முறிந்திருந்த நிலையில், முகக்கவசம் அணிய வேண்டும் என்ற நிபந்தனையோடு எஸ்பான்யோல் அணிக்கு எதிரான காட்டலோனியக் கோப்பை இறுதியாட்டத்தில் இறங்கினான். முதன்மை அணியின் ஆட்டக்காரர் கார்லஸ் புயோலின் கவசம் அது. அளவு ஒத்துவரவில்லை, பார்வையை மறைத்தது. அதைக் கழற்றி ஓரத்தில் எறிந்துவிட்டு, வெளியே அழைக்கப்படுவதற்கு முன் பத்து நிமிடங்களில் இரண்டு கோல் அடித்தான். ஆட்டம் 4–1. செஸ்க் அதன்பின் ஆர்சனலுக்கும், பீக்கே மான்செஸ்டர் யுனைட்டெடுக்கும் போனார்கள். அழைப்பு வந்தும் மெஸ்ஸி தங்கினான்.

முதன்மை அணியின் பயிற்சியாளராக இருந்த ஃபிராங்க் ரைக்கார்ட் அவர்களே, 2003 நவம்பர் 16 அன்று போர்ட்டோ அணியின் புதிய திராகோ அரங்கின் திறப்பு விழா ஆட்டத்தில், பதினாறு வயதுப் பிள்ளையை முதன்மை அணிக்குள் இறக்கினீர்கள். அதற்குப் பிறகு அவசரப்படவில்லை. ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 2004 அக்டோபர் 16 அன்று, எஸ்பான்யோலுக்கு எதிரான லீக் ஆட்டத்தின் 82ஆவது நிமிடத்தில் டெக்கோவுக்குப் பதிலாக அனுப்பினீர்கள். இடையில் கீழ்நிலை அணிகளில் ஆடவும், உடலை உறுதிப்படுத்தவும் நேரம் கொடுத்தீர்கள். வளரும் பயிருக்கு வேண்டிய அளவே நீர் விடும் உழவரின் நிதானம் அது. புகழ் பெற்ற அணிகளில் அது எளிதில் காணக்கிடைப்பதில்லை.

ரொனால்டினோ அவர்களே, உங்களுக்கு எப்படி எழுதுவது என்றுதான் அதிகம் யோசித்தேன். அன்று உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் நீங்கள். பார்சிலோனாவின் பத்தாம் எண் சட்டை உங்களுடையது. பிரேசிலும் அர்ஜென்டினாவும் கால்பந்தில் எப்படிப்பட்ட எதிரிகள் என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை. அப்படியிருந்தும் அந்த அர்ஜென்டினப் பையனைத் தம்பி என்று அழைத்து, டெக்கோவும் சில்வின்யோவும் இருந்த உங்கள் வட்டத்தில் சேர்த்துக்கொண்டீர்கள். மூத்த நட்சத்திரம் ஒருவர் தம் இடத்தைப் பிடிக்கக்கூடியவனை எப்படி நடத்துவார் என்பதற்கு விளையாட்டு வரலாற்றில் கசப்பான எடுத்துக்காட்டுகள் நிறைய உண்டு. 2005 மே 1 அன்று அல்பாசெத்தேக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் மெஸ்ஸி இறங்கினார். நீங்கள் தூக்கிக் கொடுத்த பந்தைக் கோல் காவலருக்கு மேலே மிதக்கவிட்டு வலைக்குள் சேர்த்தார். ஆஃப்சைடு என்று கோல் மறுக்கப்பட்டது. சற்று நேரத்தில் அதே போன்ற பந்தை மறுபடியும் அவருக்கே கொடுத்தீர்கள், அவரும் அதே வகையில் மறுபடியும் வலைக்குள் அனுப்பினார். அதுதான் அவருடைய முதல் லீக் கோல். பிறகு அவரை முதுகில் சுமந்துகொண்டு கூட்டத்திற்குக் காட்டினீர்கள். நான் அவர் ஆட்டத்தைப் பின்தொடரத் தொடங்கியதும் அந்தக் கோலில்தான். மறுக்கப்பட்ட முதல் வாய்ப்போடு நிறுத்திக்கொள்ளாமல் இரண்டாவது பந்தையும் அந்தப் பையனுக்கே கொடுத்ததற்காக, இந்த மடல் முழுவதிலும் உள்ள நன்றியில் ஒரு பெரும்பங்கு உங்களுக்கு. 2008இல் நீங்கள் மிலானுக்குச் சென்றபோது பத்தாம் எண் அவரிடம் வந்து சேர்ந்தது.

நிறைவாக, அர்ஜென்டினாவின் இளையோர் அணிப் பயிற்சியாளராக இருந்த ஊகோ தோகாயி அவர்களே. ஸ்பெயினில் வளர்ந்த பிள்ளையை ஸ்பெயின் தன் இளையோர் அணிக்கு அழைக்க விரும்பியதில் தவறில்லை. ஆனால் அவன் மனம் அர்ஜென்டினாவிலேயே இருந்தது. ரொசாரியோவைச் சேர்ந்த கிளாவுதியோ விவாஸ் அவனுடைய ஆட்டங்களைக் காட்டும் காணொளி நாடாவை உங்களுக்குச் சேர்ப்பித்தார். தாமதித்தால் கைநழுவிவிடும் என்பதை உணர்ந்து, 2004 ஜூன் 29 அன்று பராகுவேயுடன் ஒரு நட்பு ஆட்டம் அவனுக்காகவே போல ஏற்பாடு செய்யப்பட்டது. அர்ஜென்டினா 8–0 என வென்றது, அவன் ஒரு கோல் அடித்தான். மறு ஆண்டு நெதர்லாந்தில் நடந்த இருபது வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில் நைஜீரியாவுக்கு எதிராக இரண்டு பெனால்டிகளையும் வலைக்குள் அனுப்பி, ஆறு கோல்களுடன் தங்கப் பந்தும் தங்கக் காலணியும் பெற்றார். பதின்மூன்று வயதில் ஊரை விட்டுப் போனவருக்குத் தாய்நாட்டின் நீல வெள்ளைச் சட்டையை உரிய காலத்தில் கொடுத்த உங்களுக்கும், அந்த அணியை வழிநடத்திய பிரான்சிஸ்கோ ஃபெராரோ அவர்களுக்கும், அவரைத் தங்களுள் ஒருவராக ஏற்றுக்கொண்ட பாப்லோ சபலேத்தா முதலான அணித்தோழர்களுக்கும் என் உளமார்ந்த நன்றி.

பெயர் பதிவாகாமல் போன பள்ளி ஆசிரியர்கள், மருத்துவப் பணியாளர்கள், மைதானப் பணியாளர்கள் ஆகியோரும் இந்நன்றியை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

மிக்க நன்றியுடனும் வணக்கத்துடனும்,
ஒரு தமிழ்க் கால்பந்து ரசிகன்